போட்டாச்சு, மேலே சொல்லு

மார்ச் 11

இரண்டாம் பாடவேளையில் ஆணை வந்தது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில், பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கு அறிவியல் தாளை நான் எழுத வேண்டுமாம். அவள் வாயால் சொல்வாள், நான் கையால் எழுத வேண்டும். அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியர் எழுதக் கூடாது என்பது விதி. இருபத்து மூன்று வருடமாகத் தமிழ் நடத்துகிறவள். எனக்கு அறிவியல் சுத்தமாகத் தெரியாது என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்துவிட்டது.

ஆபீஸ் கிளார்க் ஜீவா ஆணையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அச்சடிச்ச மாதிரி எழுதற ஆளா வேணும்னு கேட்டாங்க டீச்சர். வேற யார் பேரக் குடுக்கறது?"

வெளியே சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது.

மார்ச் 16, ஞாயிறு

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் ஷாலினி. ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து அவள் அப்பா மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். தீனதயாளன், தறிக்காரர். காதருகே பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. திருச்செங்கோட்டு வெயிலில் முகமெல்லாம் வேர்த்துப்போய் நின்றார்.

பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வேண்டும் என்கிறாள். அவள் பள்ளித் தலைமையாசிரியர் சந்திரசேகர் முதலில் முடியவே முடியாது என்றாராம். பிறகு இவள் தொல்லை தாங்காமல், அறிவியலில் தொண்ணூறு வாங்கிவிட்டு வா, பார்க்கலாம் என்றாராம்.

"டீச்சர், வாய்பாடு எழுதறப்ப அடைப்புக்குறி, கீழ போடற சின்ன நம்பரு எல்லாம் இருக்குதுங்க. ஒரு அரை மணி நேரம் நான் சொல்லி நீங்க எழுதிப் பழகிக்கலாமுங்களா?"

சுருக்கென்றது. எனக்கு எழுதப் பழக்குகிறாளாமே!

"எழுத்து எனக்குத் தெரியும் சாமி. நீ பாடத்தப் படி" என்றேன். அவள் அப்பா பதறிப்போய், "அவ அப்படித்தானுங்க, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 11

தேர்வு முடிந்தது. கை விட்டுப்போகிறது, ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தனி அறை. நான், அவள், வாசல் ஓரம் ஒரு கண்காணிப்பாளர். அப்பப்பா, என்ன வேகம் அந்தப் பெண்ணுக்கு! கேள்வியை ஒருமுறைதான் வாசித்தேன், விடை தயாராக இருந்தது. நான் "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பெரிய வினா ஒன்றில் சேர்மங்களின் பெயரைக் கொடுத்து வாய்பாடு எழுதச் சொல்லியிருந்தார்கள், கூடவே ஒரு சமன்பாடு. எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அடைப்புக்குறி என்றாள், மூடுங்க என்றாள், கீழே ரெண்டு என்றாள். முதலாவதற்கு அவள் சொன்னபடியே போட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை, வரியே கோணிக்கொண்டு போனது. அடுத்ததிலிருந்து அடைப்புக்குறியை விட்டுவிட்டு, எண்களையும் எழுத்தின் உயரத்துக்கே எழுதினேன். அடைப்புக்குறிக்குள் வருவது உபரி, எடுத்துவிட்டாலும் பொருள் கெடக் கூடாது. வகுப்பில் இதைத்தானே சொல்லித் தருகிறேன்.

"அடைப்புக்குறி போட்டீங்களா டீச்சர்?"

"போட்டாச்சு, மேலே சொல்லு."

மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதன் பிறகு கேட்கவில்லை.

பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டோம். கண்காணிப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்து, "கண்ணுல ஒத்திக்கலாமுங்க டீச்சர்" என்றார்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. வீட்டுக்காரர் வரவில்லை, போர் போடுகிற ரிக் வண்டி சத்தீஸ்கரில் நிற்கிறதாம். நான் ஒருத்திக்காகப் பாயசம் வைக்கவில்லை.

மே 16

ரிசல்ட். தீனதயாளன் போன் செய்தார். மற்ற எல்லாப் பாடத்திலும் தொண்ணூற்று ஐந்துக்கு மேல், அறிவியலில் மட்டும் எண்பத்து நான்கு.

போனை அவளிடம் கொடுத்தார். "எங்கயோ தப்பாச் சொல்லிட்டேன் போலங்க டீச்சர். உங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதலாவது சொல்லியிருக்கலாம்.

மே 25, ஞாயிறு

விடைத்தாளின் நகலை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் வந்தார்கள். "நீங்க எழுதுனத நீங்களே படிச்சுச் சொன்னாத்தானுங்க அவளுக்குத் திருப்தி" என்றார்.

புரட்டினேன். அந்தப் பக்கம் வந்தது.

நான் Ca OH2 என்று எழுதிய இடத்தில், திருத்தியவர் சிவப்பு மையால் இரண்டு வளைவு போட்டு, 2-ஐச் சுழித்துக் கீழே இறக்கியிருந்தார். Ca(OH)₂. அதற்குக் கீழேயும் அப்படியே, அதற்குக் கீழேயும். சமன்பாடு முழுக்க அடித்திருந்தது. மதிப்பெண் போன இடங்களைக் கூட்டினேன். ஏழு. எண்பத்து நான்கும் ஏழும் தொண்ணூற்று ஒன்று.

ஷாலினி முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

படித்தேன். "சி ஏ, ஓ எச், டூ."

"ஆமாங்க."

"ஏ எல் டூ, எஸ் ஓ ஃபோர், த்ரீ."

"ஆமாங்க. சரியாத்தானுங்க இருக்குது!"

காதுக்கு எல்லாமே சரியாக இருந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அடைப்புக்குறி இருக்குதுங்களா டீச்சர்?"

இருந்தது. சிவப்பு மையில் இருந்தது.

"இருக்குது" என்றேன்.

"அப்பறம் ஏனுங்க மார்க் போடல? திருத்துனவங்க தப்புங்களா?"

"அப்படித்தான் இருக்கும்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மறுமதிப்பீட்டுக்குப் போடலாம்பா, இப்பவே போடலாம் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அட பாவி, நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்?

மே 26

அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "நீ வேணும்னா செஞ்ச? உட்ரு. இப்பப் போயிச் சொன்னா உனக்குத்தான் மெமோ வரும். ஹிஸ்டரி குரூப் படிச்சா அந்தப் புள்ள உன்னையாட்டம் டீச்சர் ஆவட்டுமே."

என்னையாட்டமா? நான் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 3

தீனதயாளன் போன். தலைமையாசிரியர் மனம் இளகிவிட்டாராம். மறுமதிப்பீடு வரும்வரை சயின்ஸ் குரூப்பில் ஓர் இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். "பாப்பா ரெண்டு நாளா பாட்டுப் பாடிட்டுத் திரியறாளுங்க."

ரொம்ப சந்தோசமுங்க என்றேன். என் வாய்தான் சொன்னது.

ஜூன் 9

சந்திரசேகருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "மேற்கண்ட மாணவி சரியாகவே கூறினார். பிழை என்னுடையது." இவ்வளவுதானே, எழுதத் தெரியாதா? நாலு வரி எழுதிக் கிழித்தேன். திரும்பவும் எழுதிக் கிழித்தேன்.

எதற்குப் பயம்? மெமோவுக்கா? இல்லை, ஜீவாவுக்கு. ஸ்டாஃப் ரூமுக்கு. அச்சடித்த மாதிரி எழுதுகிற டீச்சர் ஒரு பிள்ளையின் மார்க்கை அழித்தாளாம் என்று பேசுவார்களே, அதற்கு. வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

மறுமதிப்பீட்டில் யாராவது இரக்கப்பட்டு ஆறு மார்க் போட்டுவிட மாட்டார்களா? ஆண்டவனிடம் கேட்கிற வேண்டுதலைப் பார்!

ஜூன் 20

மதிப்பெண்ணில் மாற்றமில்லை.

ஜூன் 23

இன்று ஷாலினி தலைமையாசிரியர் அறைக்குத் தானே போயிருக்கிறாள். "எனக்கு ஹிஸ்டரி குரூப்பே குடுத்துருங்க சார். ரெண்டாவது தடவ பார்த்தும் தப்புன்னுட்டாங்க. எனக்கு சயின்ஸ் வராதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் இன்னும் இரண்டு நாள் யோசி என்றாராம். வேண்டாமுங்க சார் என்று கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டாளாம். தீனதயாளன்தான் போனில் சொன்னார்.

தொண்ணூறு இல்லாமலே அவர் கொடுத்திருப்பார் போலிருக்கிறது. இவள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள், தனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டு. நம்ப வைத்தது யார்? அன்றைக்கு "இருக்குது" என்று சொன்னவள்தான்.

ஜூன் 24

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

போனேன்.

முன்னறையிலேயே நாலு தறி. போட்ட சத்தத்தில் நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. "என்னங்க?" என்று தீனதயாளன் காதில் கை வைத்தார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. போய் நாலு தறியையும் நிறுத்திவிட்டு வந்தார். அந்த அமைதியில் மூன்றாவது தடவையாகச் சொன்னேன்.

"அடைப்புக்குறிய நான் போடல சாமி. நீ சொன்ன. நான் போடல. அன்னிக்கு இருக்குதுன்னு சொன்னது திருத்துனவங்க போட்டது."

ஷாலினி எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தாள். சட்டைப் பட்டன்கள், உடைந்த வளையல் துண்டுகள், புளியங்கொட்டைகள். ஒரு பெரிய பட்டனை வைத்தாள். பக்கத்தில் ஒரு வளையல் துண்டு, இரண்டு சின்னப் பட்டன், மறுபடி வளையல் துண்டு. அதற்கும் கீழே தள்ளி இரண்டு புளியங்கொட்டை.

"நான் இப்படித்தானுங்க படிச்சேன். வளையலுக்குள்ள இருக்கறது ரெண்டும் ரெண்டு தடவ வரணுங்க. வளையல எடுத்துட்டா கடேசிப் பட்டன் மட்டுந்தானுங்க ரெண்டாகும். அது வேறயாப் போயிருமுங்க."

"ஆமா சாமி."

"அப்ப நான் சொன்னது சரிங்களா? எல்லாமேயா?"

"எல்லாமே."

சிரித்தாள். தெரிஞ்சுதான் இருந்துருக்குது எனக்கு, அப்பா, தெரிஞ்சுதான் இருந்துருக்குது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னிக்கே ஏனுங்க சொல்லல? நான் போயி சயின்ஸ் வராதுன்னு சொல்லிட்டு வந்துட்டேனே."

தீனதயாளன்தான், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க டீச்சர்" என்றார். நான் படி இறங்குவதற்குள் தறி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 1

எழுதியே கொடுத்துவிட்டேன். சந்திரசேகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை.

"போன வாரம்தானுங்க அந்த இடத்துல வேற புள்ளயச் சேர்த்தேன். இனி யாரப் போயி எந்திரிங்கறது? ஒரு வாரம் முன்ன வந்திருக்கக் கூடாதுங்களா டீச்சர்?"

ஒரு மாதம் முன்பே வந்திருக்கலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 22

மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இனி யாருக்கும் தேர்வு எழுதக் கூடாதாம். ஜீவா கையெழுத்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7

கரும்பலகையில் தேதி எழுதும்போது கை நின்றுவிட்டது. பிள்ளைகள் "டீச்சர்?" என்றார்கள். எழுதினேன். அழகாகத்தான் வந்தது.

செப்டம்பர் 18

பயிற்சி வகுப்பு முடிந்து திரும்பும் வழி. ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். அதில் ஷாலினியும் நின்றிருந்தாள், ஒரு தோழியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. எனக்கும் அவளுக்கும் இரண்டடிதான் இருக்கும்.

"இன்னிக்கு கெமிஸ்ட்ரில என்னடி நடத்துனாங்க?"

"உனக்கெதுக்குடி அது? உனக்குத்தான் அதுல பரீட்சையே கெடையாதே."

"சொல்லுடி."

அந்தப் பெண் முனகிக்கொண்டே நோட்டைப் பிரித்துப் பாதி முழுங்கிப் பாதி வாசித்தாள். ஷாலினி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"அது அப்படி வராதுடி. நல்லாப் பாரு."

"ஆமாண்டி. போர்டுல இருந்து நான்தான் தப்பா எழுதிட்டு வந்துட்டேன்."

"திருத்திக்கோ. திருத்திட்டு இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லு."

தோழி திருத்தினாள், முதலில் இருந்து சொன்னாள்.

திருச்செங்கோட்டு பஸ் வந்தது. இருவரும் முன்படியில் ஏறினார்கள். பின்படியில் எனக்கும் இடம் இருந்தது. ஏறினால் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க வேண்டும். என் குரல் அவளுக்குத் தெரியும்.

அடுத்த பஸ்ஸில் வந்தேன்.