ஞாயிற்றுக்கிழமை வேலை

என் அன்புக்குரியவளே,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. பூனை உன் ஆராதனை அங்கியின் மேல்தான் தூங்குகிறது.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள், நீ குருவாக நின்று அப்பம் கொடுக்கும் பீடத்தின் முன் முழங்காலிட்ட நான் கையேந்தவில்லை. அப்பம் வேண்டாம், ஆசி போதும் என்று வேற்றுச் சபையார் செய்வதுபோல, கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொண்டேன். நீ ஒரு கணம் நின்றாய். பிறகு யாரோ ஒருவனை ஆசீர்வதிப்பதுபோல் என் தலையில் கைவைத்தாய்.

மதியம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாய்: "அப்போ இத்தனை வருஷமா நான் கொடுத்தது வெறும் ரொட்டிதானா?"



போன ஞாயிறு மறுபடியும் நாரிச் நகரத்துக்கு, கத்தோலிக்கர்களின் லத்தீன் பூசைக்குப் போனேன். பெண்ணைக் குருவாக ஏற்காதவர்கள் அவர்கள். பூசை முடிந்ததும் அந்த வயதான பாதிரியார் தேநீரை நீட்டியபடி கேட்டார்: "உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?"

"டீச்சர், ஃபாதர்" என்று பொய் சொன்னேன்.

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்களேன்."

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு வேலை இருக்கு."

"டீச்சருக்கா?" என்று சிரித்தார். தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

உன் அங்கியில் ஒட்டியிருந்த பூனை முடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நான் எங்கே முழங்காலிடுவேன் என்று இன்னும் தெரியவில்லை. நீ வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இருக்கிறது.

உன் கணவன்