பட்டினி போட்ட வாரம்

ஜூலை 3, புதன்

எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் எடுத்த பாக்டீரியா நன்றாகத்தான் வளர்கிறது. பிளாஸ்கில் ஊற்றிய டீசல்தான் அப்படியே மிதக்கிறது. எண்ணெய் தின்பதற்கான மரபணு அதனிடம் இருக்கிறது, சோதித்தாகிவிட்டது. பிறகு என்ன கேடு?

என் கைடு கருணாகரன் சார் கெடு வைத்துவிட்டார். "அடுத்த வெள்ளிக்குள்ள ரிசல்ட் வரலைன்னா தலைப்பை மாத்திடலாம்மா. தயிர் பாக்டீரியா எடுத்துக்கோ."

தயிராம்! அப்பா எண்ணெய் அப்பிய வலையை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்ட அன்று நான் முடிவு செய்த தலைப்பு இது. விடமாட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

மறுபடி அதே கதை.

ஜூலை 6, சனி

பக்கத்து மேஜை ரெஜினா, ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் தெற்கத்திக்காரர் வீட்டுப் பெண், இன்று கேட்டாள்: "ஏட்டி, தினமும் எதுக்கு குளுக்கோஸ் போடுத?"

"தெம்புக்குத்தான். வளர்ச்சி நின்னா பாவமா கீது."

கடலுக்குப் போகும் அப்பாவை அம்மா ஒருநாளும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. எனக்கும் அதே புத்தி. சொல்லி முடிக்கவில்லை, சுரீரென்றது.

சர்க்கரை இருக்கும்வரை பாக்டீரியா எண்ணெய் மரபணுவை அணைத்தே வைத்திருக்கும். தீர்ந்தபிறகுதான் அதன் சுவிட்சைப் போடும். மாறுவதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை வளர்ச்சி நிற்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்! அது நின்ற ஒவ்வொரு முறையும் நானே ஓடிப்போய் ஊட்டிக் கெடுத்திருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

புது பிளாஸ்க். டீசல் மட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு அசைவும் இல்லை. சார் எட்டிப் பார்த்தார். "செத்துப்போச்சும்மா."

"இல்ல சார், மாறிக்கினு கீது."

பதட்டத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 10, புதன்

இன்னும் இல்லை. ஒரு ஸ்பூன் போட்டால் என்ன என்று கை போகிறது. குளுக்கோஸ் பாட்டிலை ரெஜினாவிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். நெசமாவே செத்திருந்தா இன்னா பண்ணுவேன்? அழுகையா வருது — போடமாட்டேன். கேட்டாலும் தராதடின்னு சொல்லிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

பிளாஸ்க் கலங்கியிருந்தது, அரிசி களைந்த தண்ணீர்போல. மேலே டீசல் படலம் திட்டுத்திட்டாய் உடைந்து, பாதிக்குமேல் காணோம்.

சார் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேறு மீதி இருக்கா?"

"இல்ல சார்."

"இன்னும் நாலஞ்சு இடத்துல எடுத்துட்டு வா."

வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். "நைனா, நாளைக்குப் படகுல எனக்கும் எடம் வை."