இவர் விட்டுப்போன திருத்தங்கள்

மே 14, புதன். இத்தா 47

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. காலையிலிருந்து மண். யன்னலைச் சாத்தியும் மேசையெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு.

இவர் மௌத்தாகி நான் விதவையாக இத்தா இருக்கத் தொடங்கிய பிறகு இன்றுதான் கம்ப்யூட்டரைப் போட்டேன். வீடு கட்டிக் கொடுக்கிற நவ்பல் பாஸ் வேலை தந்திருக்கிறார். கட்டாரிலிருந்து லீவில் வந்தவர் ஒருவர் தில்லையடியில் கட்டப்போகும் வீடு. முகப்பு, பக்கவாட்டு, ஹோல், குசினி. நாலு படம். கட்டும் முன்பே கட்டி முடித்த மாதிரித் தெரிய வேண்டும். அடுத்த வியாழன் காலைக்குள். வெள்ளி அவர் விமானம் ஏறுகிறார்.

போட்டவுடன் பெட்டி கேட்டது, புதிய பதிப்புக்கு மாறவா என்று. ஓம் என்று அழுத்தினேன். தேவையில்லாத பழையவற்றை அழிக்கவா என்றது. அதற்கும் ஓம். ஏன் அழுத்தினேன்? இந்த நாற்பத்தேழு நாளும் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது திரையில் எழுத்தெல்லாம் பூதம் பூதமாக. படம் போடுகிற அட்டையைக் காணவில்லை என்கிறது. அட்டை உள்ளேதான் இருக்கிறது. அதை இயக்கும் ட்ரைவர் புதிய கேர்னலோடு சேரவில்லை. கேர்னல் என்றால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது. வீட்டு அத்திவாரம் மாதிரி என்று இவர் ஒருமுறை சொன்னார். அத்திவாரத்தை மாற்றிவிட்டேன்.

அட்டை இல்லாமல் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். மதியம் லுஹரில் தொடங்கியது, பொழுதுபட்டு மஃரிபுக்கும் கால்வாசி முடியவில்லை. முன்பு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடியும்.

உம்மா என்ன என்று கேட்டார். ட்ரைவர் ஓடவில்லை என்றேன்.

"நானாவக் கூப்பிடட்டா?"

என் கூடப்பிறந்த நானா த்ரீவீலர் ஓட்டுகிறவர். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை.

மே 15, வியாழன். 48

இத்தா முடியும் வரை, நாலு மாதமும் பத்து நாளும், நான் வாசல் தாண்ட முடியாது. வெளி ஆண்கள் உள்ளே வர முடியாது. ஆகவே நானா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். பின்னேரம் அஸருக்குத் திரும்பக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியனுப்பியவை:

- அட்டை பழசு. செய்த கம்பனி அதைக் கைவிட்டு வருசக்கணக்கு.
- ட்ரைவரின் உள்பகுதி பூட்டியது. கம்பனியைத் தவிர யாரும் திறந்து பார்க்க முடியாது. வெளிப்பகுதியை மட்டும் திருத்தலாம்.
- இவ்வளவு நாள் எப்படி ஓடியதென்று அவருக்கு விளங்கவில்லை.

எப்படி ஓடியது. இவர் ஓட்டினார். சில மாதத்துக்கு ஒரு முறை புதிய கேர்னல் வரும், எல்லாம் உடையும். வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து, சாறனோடு உட்கார்ந்து, அஸர் வரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு. நான் கோபித்திருக்கிறேன். அந்தப் பெட்டியையே நிக்காஹ் செய்திருக்கலாமே என்றும் ஒருநாள். இவர் சிரித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மே 17, சனி. 50

காற்று. கறண்ட் இரண்டு முறை போய் வந்தது.

இவருடைய கோப்புகளுக்குள் 'திருத்தம்' என்று ஒரு கோப்புறை. உள்ளே பத்தொன்பது. ஒவ்வொரு கேர்னலுக்கும் ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் தனக்கென்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். சிலதைக் கொப்பி பண்ணி வைக்கிறேன்:

"குறிஞ்சிப்பிட்டி வீடு. அவளுக்குத் திங்கள் வேணும்."

"பேரைத்தான் மாத்தியிருக்கானுகள். அஞ்சு நிமிச வேலை."

"பாலாவி டீச்சர்ர வீடு. அவள் குளிச்சிட்டு வாறதுக்குள்ள சரி."

"இந்த முறை சரிவருமா தெரியா. வராட்டி அவளுக்கு என்ன சொல்லுற."

இவர் வேலை செய்த உப்பளக் கந்தோரின் கடிதங்கள் அடிக்க இந்த அட்டை தேவையில்லை. எந்த ஓட்டைப் பெட்டியும் போதும். பத்தொன்பதும் என் படங்களுக்கு. நான் இவருடைய விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

உம்மா சோறு போட்டு மூடி வைத்திருக்கிறார். இன்னும் திறக்கவில்லை.

மே 18, ஞாயிறு. 51

விடியச் சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்தேன். ட்ரைவரைப் புதிய கேர்னலுக்காகக் கட்டச் சொன்னால் முப்பத்தொரு பிழை. இவர் செய்த மாதிரியே, எது எதாக மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன். லுஹருக்குப் பன்னிரண்டு பிழை மிச்சம். அஸருக்கு ஒன்று.

அந்த ஒன்று நகரவில்லை. புதிய கேர்னல் ஒரு வசதியை, திறந்து காட்டுகிற ட்ரைவர்களுக்கு மட்டும்தான் தருமாம். இது பூட்டிய ட்ரைவர்.

இவர் திருத்தங்களைத் தொடங்கியது ஒரு வெள்ளைக்காரரின் இணையப் பக்கத்திலிருந்து என்று தெரிகிறது. அவர் இதே அட்டைக்குத் திருத்தம் செய்து எல்லோருக்கும் போட்டுவைக்கிறவர். இவருடைய கணக்கிலிருந்தே அவருக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், நாலு வரி.

முதுகு முறிகிறது. நாலு படத்தில் ஒன்றும் ஆகவில்லை.

மே 20, செவ்வாய். 53

பதில் வந்திருக்கிறது. என்னை இவர் என்று நினைத்து எழுதியிருக்கிறார். நீண்ட நாளாகக் காணவில்லையே, சுகமா என்று. இரண்டு வருசத்துக்கு முன் நீங்கள் கண்டுபிடித்த இரண்டு வரி இன்றும் என் திருத்தத்தில் இருக்கிறது என்று.

இனி வழியில்லையாம். கேர்னல்காரர்கள் ஒரு பக்கம் பூட்டிவிட்டார்கள், கம்பனி மறுபக்கம் பூட்டியிருக்கிறது. தானும் அட்டையை மாற்றிவிட்டாராம். பழைய கேர்னலையும், ட்ரைவர் கட்டுகிற கருவியின் பழைய பதிப்பையும் திரும்பப் போட்டு, அங்கேயே நின்றுகொள்ளச் சொல்கிறார்.

சுகமா என்ற இடத்திலேயே வெகுநேரம் இருந்தேன். பிறகு எழுதினேன். நான் அவர் இல்லை, அவருடைய மனைவி. அவர் மௌத். மாரடைப்பு, கல்பிட்டி ரோட்டில், சைக்கிளில் வரும்போது. இங்கிலீசில் எழுதும்போது வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது.

போன் டேட்டாவில் பழைய கேர்னலை இறக்கப் போட்டிருக்கிறேன். ஊர்கிறது.

மே 21, புதன். 54

பழைய கேர்னல். பழைய கருவி. இவருடைய கடைசித் திருத்தம். பிழை இல்லை.

பெட்டியை அணைத்துப் போட்டேன். கறுப்பு. இன்னும் கறுப்பு. யா அல்லாஹ். பிறகு திரை வந்தது, எழுத்துகள் பழைய அளவில்.

முகப்புப் படத்தைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். தேத்தண்ணியோடு வந்தபோது முடிந்திருந்தது. வெள்ளைச் சுவர், கறுப்புக் கேற், முற்றத்தில் தென்னை நிழல். நாளை காலைக்குள் மற்ற மூன்றும் முடியும். மௌத்துக்குப் பிறகு முதல் முறை ஒரு கோப்பையை முழுதாகக் குடித்தேன்.

லுஹருக்குப் பிறகு நானா வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"நவ்பல் பாஸ் அந்த வேலைய டவுன்ல ஒராளுக்குக் குடுத்திட்டாராம். இத்தாவில இருக்கிற புள்ளைய கஷ்டப்படுத்த வேணாம்னு அவர்ர பொஞ்சாதி சொன்னாவாம்."

"எப்ப குடுத்த?"

"திங்கக்கிழம."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே, நானா."

"நான்தான் சொன்னன், தங்கச்சி. பெட்டி பழுது, நீ சாப்பிடுறதும் இல்லன்னு."

யாரைக் குறை சொல்வது. எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டுத்தான்.

முகப்புப் படம் திரையில் நின்றது. நானா கிட்ட வந்து பார்த்தார். நல்லாருக்கு என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மே 25, ஞாயிறு. 58

மூன்று நாளாக ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. காற்று. ஓதினேன். படுத்தேன். மற்ற மூன்று படத்தையும் செய்து முடித்தேன், யாருக்கென்று இல்லாமல். குசினிப் படம் நன்றாக வந்திருக்கிறது.

இன்டர்நெட்டோடு சேர்க்கப் பயம். மறுபடி ஏதாவது கேட்கும், மறுபடி ஓம் என்பேன். சேர்க்காவிட்டால் படம் அனுப்பவும் முடியாது. மெயிலைப் போனில்தான் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரர் வியாழன் எழுதியிருந்தார். வருத்தம் சொல்லி. திருத்தங்கள் போடும் அந்தப் பக்கத்தை மூடப்போகிறாராம். உதவியவர்களின் பெயர்களை அதில் போடுகிறாராம். இவருடைய கணக்கில் ஒரு பட்டப்பெயர்தான் இருந்தது, உண்மைப் பெயர் என்ன என்று கேட்டார். எழுதி அனுப்பினேன். முஹம்மது ஜவாத். மரணச் சான்றிதழுக்குப் பிறகு முழுப் பெயரை இப்போதுதான் எழுதுகிறேன்.

இன்று காலை போட்டிருக்கிறார். மேலே, இந்த ட்ரைவருக்கு இனித் திருத்தம் வராது என்று பெரிய எழுத்தில். கீழே பெயர்கள். நாலாவது இவர். கடைசி எழுத்து விடுபட்டிருக்கிறது.

திருத்தச் சொல்லி எழுதினேன். அஸர் ஆகிவிட்டது, பதில் இல்லை.