வெள்ளம் கேட்டவர்

ஆவணி 12, வியாழன்

இந்த மனநல மருத்துவமனையில் டாக்டராகச் சேர்ந்து நான்கே நாள். அதற்குள் இப்படியொரு தப்பு செய்யப் பார்த்தேன்.

மதியம் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். நேற்று தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்த சலீம், “வெள்ளம், வெள்ளம்” என்று கட்டிலை அடித்துக் கத்தினார். நான் சேலத்துக்காரி, எனக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. ‘வெள்ளம் வருவதாக மாயத்தோற்றம்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அவரை அடக்க ஊசியும் எடுத்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் சுந்தரம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். ஒரு மாதமாக யாரிடமும் வாய் திறக்காதவர்.

“டாக்டரே, ஊசி வேண்டாம். அவன் குடிக்க வெள்ளம் கேக்கான். எங்க ஊருல தண்ணிக்கு அதுதான் பேரு.”

நாங்கள் கொடுத்த மாத்திரையில் சலீமுக்கு நாக்கு வறண்டிருக்கிறது. இரண்டு செம்பு குடித்தார். அமைதியாகப் படுத்துக்கொண்டார்.

எழுதியதை அடித்தேன். சுந்தரத்திடம் நன்றி சொன்னேன். செம்பை என் பக்கம் நீட்டி, “உங்களுக்கும் இத்திரி வெள்ளம் வேணுமா?” என்றார். வாங்கிக் குடித்தேன்.

திங்களன்று அவருடைய குறிப்பேட்டிலும் நான்தான் எழுதினேன்: ‘சுற்றி நடப்பது எதுவும் இவருக்குத் தெரியவில்லை.’

காலையில் போனதும் முதலில் அதை அடிக்க வேண்டும்.