குதிரைக்கட்டி மரத்துக்குக் கைமாலை

உ
திருவேங்கடமுடையான் துணை

நாராயணவனம்
தை மாதம், வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி யசோதாவுக்கு உன் சின்ன நைனா முனிகிருஷ்ணன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சின்னம்மா செங்கம்மாவும் உன் தங்கை சந்திரம்மாவும் எருதுகளும் கறவை மாடும் சௌக்கியம், அங்கே கரக்பூரில் நீயும் மாப்பிள்ளை சிட்டிபாபுவும் குழந்தையும் சௌக்கியம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கும். அந்த ஊரில் எல்லாவற்றையும் கடுகெண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் இங்கே எனக்கு மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நீ அதைத் தொடாதே, அந்தப் பக்கம் வருகிற ஆள் கிடைத்தால் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு டின் கொடுத்தனுப்புகிறேன். குழந்தைக்குக் குளிர் காதில் ஏறாமல் குல்லாய் போட்டு வை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் கடிதம் எழுதுவதில் இந்தத் தாலுக்காவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று தபால்காரர் சொல்லுகிறார், ஆகவே நிதானமாகப் படி.

இப்போது எழுதுவது சந்திரம்மாவின் கல்யாண விஷயம். முடிவைக் கடைசியில்தான் சொல்லுவேன். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு உருண்டையில் வெல்லத்தை மட்டும் பொறுக்கித் தின்கிற பழக்கம். திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதினேனே, பையன் பெயர் கோவர்த்தனன், ஆயில் எஞ்சின் வைத்துக் கரும்பு போடுகிறான், அந்த எஞ்சின் சத்தம் நம் ஊருக்கே கேட்கும் என்று நான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். பையனுக்குச் சந்திரம்மாவைப் பிடித்துவிட்டது, அவளுக்கும் பிடித்துவிட்டது, கேட்டால் சொல்லமாட்டாள், ஆனால் இரண்டு நாளாக ரசத்தில் உப்புப் போட மறந்தாள். பையனின் தாயார் செல்லியம்மாவுக்கும் சம்மதம், அவள் பிறந்ததே நம் பக்கத்து ஊரில். தகப்பனார் வாய் திறக்காத மனிதர், இருக்கிறார் என்பதே செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். தடையெல்லாம் பையனின் தாய்மாமன் உமாபதி. அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவனுக்கு என்ன கஷ்டம் என்றால் இந்த எல்லைக் கோடு. திருத்தணி மதராஸோடு போகிறது, நாம் ஆந்திராவிலேயே நிற்கிறோம் என்று ஆகிவிட்டது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டான். இன்னாங்க பெரியவரே, சித்திரை பொறந்தா நாங்க மெட்ராசு, நீங்க ஆந்திரா, பொண்ணு ஆத்தா ஊட்டுக்கு வர்றதுன்னா சர்க்காரு சீட்டு வாங்கிக்கினு வரணுமா, எதுக்கு இந்த வம்பு என்று கேட்டுக்கொண்டே உன் சின்னம்மா வைத்த வடையை எல்லாம் தின்று தீர்த்தான். கோடு போடறவன் காயிதத்துல போடறான்யா, எங்க மாடு அதத் தாண்டிப் போய் மேஞ்சுட்டு வரும், அதுக்கு எவன் சீட்டு குடுக்கறான் என்று நான் போட்ட போட்டில் அவன் ஆடிப்போனான். ஆனாலும் அரக்கோணத்தில் இன்னொரு பெண் இருக்கிறது, அப்பன் ரயில்வேயில் இருக்கிறான் என்று முனகினான். ரயில்வே என்றால் எனக்குப் பொறுக்குமா? எங்கள் பெரிய மாப்பிள்ளை கரக்பூரில் கையை அசைத்தால்தான் கல்கத்தா மெயிலே நகரும் என்று சொல்லிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

கடைசியில் செல்லியம்மாதான் ஒரு வழி சொன்னாள். எங்க அம்மா அப்பாவுக்கு குதிரைக்கட்டி மரத்துலதான் கைமாலை போட்டாங்க, எம்புள்ளைக்கும் போட்டுப் பாக்கலாம், சேந்துச்சுன்னா கட்டலாம், சேரலைன்னா நீ சொல்ற பொண்ணையே பாக்கலாம் தம்பி என்றாள். உமாபதியும் சரி என்றான், சேராது என்று அவனுக்கு ஒரு எண்ணம். உன் கல்யாணம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் திருப்பதி மலைமேல் அவசரமாக நடந்ததால் நீ அந்த மரத்தைப் பார்த்ததில்லை, ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். ஆகாசராஜன் காலத்தில் பெருமாள் வேட்டைக்கு வந்து, அவன் மகளாகிய தாயாரை முதன்முதலில் பார்த்த காடு நம் காடு. அன்றைக்கு அவர் குதிரையைக் கட்டிய மருதமரம் அது. கயிறு அழுத்திய தழும்பு இன்றைக்கும் அடிமரத்தில் இருக்கிறது, விரலை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. அது வெயில் என்கிறாள் உன் சின்னம்மா. இரண்டு வீட்டாரும் அந்த மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்பதுதான் கைமாலை. இரண்டு குடும்பத்துத் தலைவரும் முன்பக்கத்தில் கை பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் இரண்டு பக்கமாகவும் வளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் கடைசிக் கை இரண்டும் சேர வேண்டும். சேர்ந்தால் பெருமாள் உத்தரவு. சேராவிட்டால் அடுத்த தைதான், ஒரு தைக்கு ஒரு தரம்தான் போடலாம். வெளி ஆள் கை சேர்த்தி இல்லை, உறவு மட்டும். பெண்ணும் பிள்ளையும் தள்ளி நிற்க வேண்டும், தாலி ஏறுவதற்கு முன் அவர்கள் கை பட்டால் அது கைமாலையே இல்லை. எத்தனை பேர் வரணும் என்று உமாபதி கேட்டான். எட்டுப் பேர், என் கல்யாணத்தில் எட்டுப் பேரில் சுலபமாக வளைத்தோம், மீதி ஒரு முழம் கை இருந்தது என்று சொன்னேன். அங்கேதான் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் புத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். உமாபதி, அவன் பெண்சாதி, செல்லியம்மா, அவள் புருஷன் என்று அவர்கள் நாலு பேர். நான், உன் சின்னம்மா, பங்காளி வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் என்று நாம் நாலு பேர். கோவர்த்தனனும் சந்திரம்மாவும் சேர்த்தி இல்லாமல் இரண்டு பேர். ஓடை வரைக்கும் மாட்டுவண்டி, அப்புறம் நடை. காட்டு வாசலில் பாரஸ்டு கார்டு, எங்கே போகிறோம் என்று கேட்டு, எக்கடிக்கி போத்தாரு என்று மிரட்டினான், நான் திருப்பிச் சொன்ன தெலுங்கைக் கேட்டுத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டான். தலையைச் சொறிவதற்குக் கழற்றினான் என்று உன் சின்னம்மா சொல்லுவாள், நம்பாதே. வழியில் மணலில் சிறுத்தையின் காலடி பார்த்தேன், நேற்று ராத்திரி போயிருக்கு, பெரிய சாதி, யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்றேன். அது காலையிலிருந்து நம்ம பின்னாலயே வந்துக்கினு இருக்கிற நாயிங்க பெரியவரே என்றான் உமாபதி. பெண்டுகள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சிறுத்தை நாயைப் போலவும் நடக்கும்.

மரத்தை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை யசோதா. அதைப் பார்த்து எனக்கு வருஷங்கள் ஆகிவிட்டதால் மறந்திருந்தேன். ஒவ்வொரு வேரும் எருமை படுத்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. வெள்ளை உடம்பு, அங்கங்கே பட்டை உரிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி, தொட்டால் பொடி ஒட்டிக்கொள்ளும். உச்சியைப் பார்க்கத் தலைப்பாகையைக் கையால் பிடித்துக்கொண்டேன், அப்படியும் விழுந்துவிட்டது. கோவர்த்தனன் தகப்பனார் அடேயப்பா என்றார், அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு பேச்சுதான். மேலே எங்கேயோ காற்று அடித்துக்கொண்டிருந்தது, கீழே ஒரு இலை அசையவில்லை. பின்பக்கத்தில் நிற்கிறவர்கள் வேறு ஊரில் இருப்பது போலத்தான்.

கற்பூரம் கொளுத்தி வைத்துவிட்டு வரிசை கட்டினோம். முன்னால் நானும் உமாபதியும் கை பிடித்தோம். அவன் கை கரும்பு வெட்டின கை, என் கை ஏர் பிடித்த கை, யார் எலும்பு முதலில் நொறுங்குகிறது என்று பார்த்தோம். கன்னத்தை மரத்தில் அழுத்திக் கையை நீட்டினால்தான் எட்டும், ஆகவே அவன் மூஞ்சி எனக்கும் என் மூஞ்சி அவனுக்கும் தவிர ஒன்றும் தெரியாது. நம் பக்கத்துக் கடைசிக் கை உன் சின்னம்மா, அவர்கள் பக்கத்துக் கடைசிக் கை செல்லியம்மா, இரண்டு பேரும் பின்னால். சேந்துச்சா என்று கத்தினேன். எங்க சேர்றது, நடுவுல ரெண்டு மாடு படுத்துக்கினு அசை போடலாம் என்று உன் சின்னம்மாவின் குரல் வந்தது. இழுத்துப் பாருங்கடி என்றேன். இழுத்தார்கள், என் தோள் கழன்றுவிட்டது, அப்படியும் எட்டவில்லை. உமாபதிக்குப் பல்லெல்லாம் வெளியே வந்தது. இன்னா பெரியவரே, எட்டுப் பேரு போதும், ஒரு முழம் மிச்சம்னீங்க, மரம் உங்க பேச்சக் கேக்கலியா என்றான். மரம் பெருத்துப்போச்சுய்யா, ஆந்திரா வந்தப்புறம் அதுக்கு நல்ல தீனி என்றேன். சரி, கைய விடுங்க, சாயங்கால வண்டியப் புடிக்கணும், அரக்கோணத்துக்குச் சொல்லி அனுப்பணும் என்றான்.

நான் விடவில்லை. கையை விட்டால் சந்திரம்மா கல்யாணம் விட்டது, அது எனக்குத் தெரியும். அவன் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தான், நான் இரண்டு வேருக்கு நடுவில் காலை ஊன்றிக்கொண்டு ஒரு கதையை ஆரம்பித்தேன். வெள்ளைக்காரத் துரை ஒருவன் டேப்பு கொண்டுவந்து இந்த மரத்தை அளந்தான், டேப்பு தீர்ந்தது, பெல்ட்டைக் கழற்றி முடிச்சுப் போட்டான், அதுவும் போதவில்லை, குதிரையின் கடிவாளத்தை அவிழ்த்தான், அப்புறம் ஒரு கையால் நிஜாரைப் பிடித்துக்கொண்டு குதிரையைத் துரத்தினான் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே அடுத்தது என்ன வரும் என்று தெரியாது. உமாபதிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, சிரிக்கிறவன் கையில் பலம் இருக்காது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து குசுகுசு என்று ஒரு பேச்சு, வளையல் சத்தம், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த மாதிரி ஒன்று. அப்புறம் சேந்துடுச்சு என்று உன் சின்னம்மா கத்தினாள். சேந்துடுச்சுடா தம்பி, நல்லா சேந்துடுச்சு என்று செல்லியம்மாவும் கத்தினாள். கைக்குக் கை ஒரு இழுப்பு வந்து என் தோள் வரைக்கும் தெரிந்தது யசோதா, கிணற்றில் வாளி நிறைந்தால் கயிறு சொல்லுமே, அப்படி.

கையை விட்டு எல்லோரும் கற்பூரத்துக்கு முன்னால் வந்து நின்றோம். எல்லோருக்கும் ஒரு கன்னத்தில் வெள்ளையாக மரப்பொடி, பார்த்தால் கூத்துக்காரர்கள் போல இருந்தோம். கோவர்த்தனனும் சந்திரம்மாவும் தனித்தனியாக இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியாதவர்கள் போல வந்தார்கள். அவனுக்கு வலது கன்னம் முழுக்க வெள்ளை. அவளுக்கு இடது கன்னம் முழுக்க வெள்ளை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தால்தான் அப்படி ஒட்டும். உமாபதி பையனைப் பார்த்தான், சந்திரம்மாவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். கைமாலையே இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது. நானும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டாள், பையன் குனியவில்லை, மாமனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். உமாபதி தோளில் இருந்த துண்டை எடுத்தான், மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி பையன் கன்னத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்துவிட்டு, சம்பந்தி, உங்க மரம் சுண்ணாம்ப எல்லார் மேலயும் பூசுது, பொண்ணையும் மூஞ்சியத் தொடச்சிக்கச் சொல்லுங்க என்றான். அதுவரைக்கும் பெரியவரே, பெரியவரே என்றவன். கேட்டாயா, சம்பந்தி என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் உன் சின்னம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். செல்லியம்மாதான் பையனைக் கண்ணால் கூப்பிட்டாளாம், உன் சின்னம்மா சந்திரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து மரத்தோடு நிறுத்தினாளாம். இரண்டு பேரும் நின்று நீட்டின பிறகும் விரல் நுனியில்தான் எட்டியதாம். ஊரில் நான் வேறு விதமாகத்தான் சொல்லியிருக்கிறேன், பெருமாளை நினைத்து ஒரு மூச்சு இழுத்தேன், என் கை இரண்டும் முழம் முழமாக வளர்ந்துவிட்டது என்று. நீயும் அப்படியே வைத்துக்கொள்.

ஆனால் எட்டுப் பேர் என்று நான் சொன்னது பொய் இல்லையம்மா. ராத்திரி படுத்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன், என் கல்யாணத்தில் எட்டே பேர்தான். எட்டாவது ஆள் உன் நைனா. நீ அப்போது பிறக்கவில்லை. பனைமரத்தில் கை முளைத்த மாதிரி மனிதர், எண்ணும்போது அண்ணன் ஒரு ஆள், வளைக்கும்போது மூன்று ஆள். பின்பக்கம் அவர்தான் நின்றார், சேந்துடுச்சுடா முனி என்று அவர் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. மரம் பெருக்கவே இல்லை. அவர் இல்லாத குறைக்கு அவருடைய சின்னப் பெண்ணும் வரப்போகிற மாப்பிள்ளையும் இரண்டு பேராகக் கூட நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மாசி மாதம் இருபதாம் தேதிக்கு முகூர்த்தம் வைத்திருக்கிறது, கோடு போடுவதற்கு முன்னாலேயே. மாப்பிள்ளையை இப்போதே லீவு எழுதிக் கொடுக்கச் சொல். உமாபதி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான், கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டு குடும்பமும் திரும்ப அந்த மரத்துக்குப் போய் இந்தத் தரம் ஒழுங்காகக் கைமாலை போட வேண்டுமாம், தை தாண்டினாலும் பரவாயில்லையாம், எனக்குக் கணக்கு நேரா இருக்கணும் சம்பந்தி, கோட்டுக்கு அந்தாண்டயோ இந்தாண்டயோ என்றான். நானும் ஆகட்டும் என்றேன், ஏனென்றால் உனக்கு உன் நைனாவின் கை, ரவிக்கைக்கு எப்போதும் உனக்கு அரை முழம் துணி கூட வாங்கினவன் நான். நீ வந்து பின்பக்கம் நின்றால் போதும்.

குலதெய்வமும் பெருமாளும் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், நீ பதினாறும் பெற்று மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயது இருக்க வேண்டும். மறக்காமல் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிடு, தான் பட்டறையில் ஃபிட்டர் என்று உமாபதியிடம் வாய் தவறியும் சொல்ல வேண்டாம். மெயிலைப் பற்றி அவன் கேட்டால் கையை மட்டும் அசைக்கட்டும்.

இப்படிக்கு,
நீ வருகிற வண்டிக்குப் புத்தூர் ஸ்டேஷனில் காத்து நிற்கப்போகிற உன் சின்ன நைனா
முனிகிருஷ்ணன்