கினி-பிசாவு: போகக் கூடாததற்கான காரணங்கள்

மே 12, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. கண்ணெல்லாம் மணல். மருமகன் எட்வின் கினி-பிசாவில் வேலையை ஏற்றுவிட்டான். மரமுந்திரிகைத் தொழிற்சாலை, கோது உடைக்கும் இயந்திரம் திருத்துவது. மகளும் போவதாம். வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானச் சீட்டுப் போடப்போகிறான். அதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டியவை:

1. இடம்
2. சனம்
3. ஆட்சி
4. மொழி. அவளுக்குப் பேச ஆளிருக்காது (முக்கியம்)

இலக்கமிடாமல் பேசினால் எனக்கு நாக்கு இழுத்துக்கொள்ளும்.

மே 13, புதன்

நூலகம்.

இல. 1: மேற்கு ஆபிரிக்கக் கரை. வடக்கே செனகல், தெற்கிலும் கிழக்கிலும் கினி. தலைநகர் பிசாவு. தாழ்ந்த நிலம், கழிமுகம், கண்டல் காடு, தீவுகள். படத்தில் நம் வாவிக்கரை போலவே. இதை அவளிடம் சொல்லக் கூடாது.

இல. 2: ஃபுலா, பலந்தா, மண்டிங்கா, இன்னும் பலர். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பழைய வழிபாட்டுக்காரர். நெல் விதைக்கிறார்கள், சோறு உண்கிறார்கள். இதையும் விடலாம்.

இல. 3: சனாதிபதி, பிரதமர், மக்கள் பேரவை. எல்லாம் தாளில். இராணுவம் திரும்பத் திரும்ப ஆட்சியைப் பிடித்திருக்கிறது. சிவப்பு மை.

இல. 4: அரச மொழி போர்த்துக்கீசம், சந்தையில் அதன் கலப்பு மொழி. எட்வின் பறங்கி, போர்த்துக்கீச வழிவந்தவன்; தாய்வீட்டில் பேசுவதும் அப்படியொரு கலப்புத்தான். சமாளிப்பான். மகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

மே 14, வியாழன்

காலைச் சாப்பாட்டில் தொடங்கினேன். அவன் விடவில்லை.

"மாமா, நீங்க செங்கலடிக்கு அங்கால போனதில்ல. எனக்கு ஆபிரிக்கா படிப்பிக்கிறீங்க!"

"அங்க ஆமி ஆட்சியப் பிடிக்கும், மருமகன்."

"ஆமிய நான் இங்க காணல்லயா? மத்தத் தாள எடுங்க, கேப்பம்."

மகளும் சிரித்தாள். தேநீர் தாளில் கொட்டியது. என் கைதான் தட்டியது.

அவனைக் காணவே பிடிக்கவில்லை. அவன் விசில், அவன் செருப்புச் சத்தம். கல்யாணமான வாரம் சொன்னேன்: இந்த வீட்டுக்குள் பறங்கிப் பேச்சு வேண்டாம். என் ஆயுளில் நான் இட்ட ஒரே கட்டளை. அதை மட்டும் கேட்கிறான். சொன்னது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

மே 15, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

பின்னேரம் கினி-பிசாவிலிருந்து தொலைபேசி, தொழிற்சாலை மேற்பார்வையாளரின் மனைவி. எட்வின் வெளியே. மகள் எடுத்தாள். என் முன்னாலேயே, பறங்கிப் பேச்சில். பாதி விளங்கவில்லை போலும். திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தப் பெண்ணும் இவளும் ஒரே சிரிப்பு.

"எங்க படிச்ச?"

"மாமிக்கிட்ட, அவங்கட வீட்டில. இங்க நீங்க விடமாட்டீங்களேப்பா."

"உனக்குப் போக விருப்பமா?"

"சீட்டுப் போடுங்க எண்டு நான்தான் ஒத்தக் கால்ல நிக்கிறன்."

இருபது நிமிடம் பேசினாள். இந்த வீட்டில் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

இல. 4 பிழை.