தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது மரம்

9 மார்ச், ஞாயிறு
விடிந்ததுமே புழுக்கம். துணி இரண்டு பக்கெட். பிறகு புலாவ் செபாங் ஊருக்குப் போனேன், எஸ்டேட் முனியாண்டி கோயில். பின்னால் கைவிட்ட ரப்பர் காட்டில் முராய் பாத்து, அதுதான் சோலைபாடி! ஆண் குருவி, நீள வால், பாட்டோ பாட்டு. மரப்பொந்தில் கூடு, குஞ்சுகள். காட்டுயிர்ப் பதிவுத் தளத்தில் படம் ஏற்றினேன். குறிப்பு: "கோயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மூன்றாவது மரம்." இடத்தை மறைக்கவா என்று ஒரு கட்டம் கேட்டது. மறைத்தால் யார் பார்ப்பது? விட்டுவிட்டேன். பெருமைதான், வேறென்ன.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முத்து மாமா: "அது பாடுனாத்தான் மா நான் வெளக்கே ஏத்துறேன்."

11, செவ்வாய்
வேலை. கால் வலி. தளத்தில் யாரோ மலாயில் கேட்டிருந்தார், இன்னும் இருக்கிறதா என்று. "தினமும் காலையில்" என்று பதில். முட்டை, சோப்பு வாங்கணும்.

16, ஞாயிறு
தூறல். கோயில். பாட்டுச் சத்தம் இல்லை.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "வெள்ளிக்கெழம ஒன் கூட்டாளிங்க வந்தாங்க லா. ரெண்டு பேரு. ஃபோன்ல ஒன் பேரக் காட்டுனாங்க. நாந்தான் மரத்தக் காட்டுனேன். பாயாசம் குடிச்சிட்டுப் போனாங்க."

எனக்கு அப்படிக் கூட்டாளிகள் இல்லை.

கிளையில் குருவி பிடிக்கிற பசை. அதில் நாலு இறகு. பொந்தை வெட்டி அகலமாக்கியிருக்கிறார்கள், உள்ளே காலி. பெட்டை மட்டும் தூரத்தில் டெக், டெக் என்று. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"எங்க மா, பாட்டக் காணோம்?" என்றார் மாமா. மழைக்கு ஒதுங்கியிருக்கும் என்றேன்.

17, திங்கள்
இடத்தை மறைத்தேன். கேள்வி கேட்டவரின் கணக்கே இப்போது தளத்தில் இல்லை. பாட்டுக்காகக் கூண்டில் அடைத்து விற்க இதைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தங்கச்சி சொல்கிறாள், "விடுக்கா, குருவிதானே." அவளோடு பேசவில்லை. காட்டிக்கொடுத்தவள் நான். மாமாவையும் காட்டிக்கொடுக்க வைத்தேன்.

21, வெள்ளி
அரை நாள் லீவு. வருவதாக மாமாவுக்கு நேற்றே ஃபோனில் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

விளக்கு ஏற்றவில்லை. பாயாசம் மட்டும் வைத்திருந்தார், நாலு டம்ளர். எங்கள் இரண்டு பேருக்கு நாலா?

"ஒன் கூட்டாளிங்க இன்னிக்கும் வருவாங்கன்னு பாத்தேன். நீ கேட்டுப் பாரு மா. குருவி எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.